இந்த வாரம் படிக்கத் தடையாக இருந்தது

அவனிடம் நான் மூன்று முறை அடி வாங்கியிருக்கிறேன். மூன்றும் படிப்பு விஷயமாக.

மெஸ்ஸில் குழம்பு தீர்ந்ததற்கோ, ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்ததற்கோ அவன் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் மற்ற பசங்க அடித்துக்கொண்டார்கள். கண் முன்னால் இருப்பதைப் படிக்காமல் ஒருவன் தாண்டிப் போனால்தான் அவனுக்குக் கை எழும்பும். தாண்டியது அவனேயானாலும் விடமாட்டான். விடியற்காலையில் ஹாஸ்டல் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பான். பொருள் தெரியாத ஒரு சொல்லை நாக்கு வழுக்கிக்கொண்டு கடந்துவிட்டால் கன்னத்தில் 'பளார்' என்று சத்தம் கேட்கும். திரும்ப அந்த வரியின் முதலிலிருந்து வருவான். மறுபடியும் பளார். முதல் மாதம் அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் இடது கன்னம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும்.

"ஏன்டா இப்படிப் போட்டுக்கற? நாளைக்கிக் கிளாஸ்ல கேக்கவா போறாங்க?" என்றேன் ஒரு நாள்.

"அது கேக்குது இல்ல?" என்றான் புத்தகத்தைக் காட்டி.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டிவனத்துக்குத் தெற்கே, கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் கல்லூரி வரும். இப்போது அது இல்லை. கட்டடத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நானும் அவனும் முதல் வருடம் பி.ஏ. ஒரே அறை. நான் விழுப்புரம் பக்கம், அவன் பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். எங்கள் வகுப்பு நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதல் படிப்பு. தமிழில் பன்னிரண்டாவது வரை வந்துவிட்டு, நூலகத்தில் இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் எடுத்துப் படம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வைத்துவிடுகிற ஜாதி.

அந்த வருடம் இங்கிலீஷுக்குப் புதிதாக ஒரு சார் வந்தார். சின்ன வயசு, மீசை கூடச் சரியாக வரவில்லை. முதல் வகுப்பிலேயே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்க மார்க்குல பாதி பரீட்சைக்கு. மீதிப் பாதி ஒரு கோப்புக்கு" என்றார்.

ஆளுக்கொரு அட்டைக் கோப்பு, ஒரு டேக் கயிறு. வாரத்துக்கு ஒரு பகுதி படிக்க வேண்டும். படித்ததை இங்கிலீஷில் நம் சொந்த வார்த்தையில் மூன்று தடவை எழுத வேண்டும். முதல் எழுத்து தப்பாக இருக்கும், இரண்டாவது கொஞ்சம் தேறும், மூன்றாவது இன்னும் தேறும். மூன்றையும் கோத்து வைக்க வேண்டும். அடிக்கலாம், கிழிக்கக் கூடாது. கூடவே சைக்ளோஸ்டைலில் அடித்த வாரத்தாள் ஒன்று. அதில் நான்கு கேள்விகள்; இதற்குத் தமிழிலேயே பதில் எழுதலாம். இந்த வாரம் என்ன படித்தாய்? எந்த இடம் புரியவில்லை? புரியாதபோது என்ன செய்தாய்? இந்த வாரம் படிக்கத் தடையாக இருந்தது எது? அடியில், பக்கத்து மாணவர் படித்துப் பார்த்து ஒரு கேள்வி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கேள்விக்கு அடுத்த வாரத் தாளில் பதில் வர வேண்டும்.

"தப்பா எழுதினதுக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். கோப்புல உண்மையா எழுதினதுக்காக யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. இது என் வாக்கு" என்றார் சார்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று வளர்ந்த பிள்ளைகள். ரஃப் நோட்டை யாருக்கும் காட்டியதில்லை. தப்பைக் காட்டு என்றால் எப்படிக் காட்டுவது? வகுப்பே கூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. சீனியர்களிடமிருந்து சரியான விடையை வாங்கி முதலில் மூன்றாவது எழுத்தை எழுதிவிடுவோம். அப்புறம் அதில் நாலு தப்பைப் போட்டு இரண்டாவது. எட்டுத் தப்பைப் போட்டு முதலாவது. தப்புப் போடுவதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். அவனிடம் கோப்புகள் வரிசையில் நிற்கும். "மச்சான், எனக்கு ரெண்டு ஸ்பெல்லிங் மிஸ்டேக், ஒரு டென்ஸ் மிஸ்டேக் போட்டுக் குடு, ஜல்தி" என்று பசங்க கெஞ்சுவார்கள். நான்காவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்: கரண்ட் இல்லை. ஒரு வாரம் முழுக்கக் கரண்ட் போகவே இல்லை. அந்த வாரமும் முப்பத்தொன்பது பேருக்குக் கரண்ட் இல்லை.

நாற்பதாவது கோப்பு அவனுடையது. அதில் முதல் எழுத்து உண்மையிலேயே முதல் எழுத்தாக இருந்தது. தாளே பார்க்கச் சகிக்காது. அடித்து, அதன்மேல் அடித்து, பேனா குத்தித் தாள் ஓட்டையாகி இருக்கும். நான்காவது கேள்விக்கு அவன் எழுதியவை எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. 'செவ்வாய்: பசி.' 'புதன்: பக்கத்து அறைக்காரன் என் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான். அவன் மூக்கில் குத்தினேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எழுத்து நிற்கவில்லை.' அந்தப் பக்கத்து அறைக்காரனுக்கு மூக்கு ஒரு வாரம் வீங்கியிருந்தது.

அவனுக்குப் பக்கத்து மாணவர் நான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான். கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் ஆசையாகப் போடுவேன். வாரா வாரம் அவன் தாளின் அடியில் 'நன்று' என்று எழுதி, கீழே இரண்டு சுழி சுழித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, புத்தகத்தை விட்டுவிட்டு வெளியில் கிடைக்கிற இங்கிலீஷ் அச்சுத்தாள் ஏதாவது ஒன்றைப் படித்து வரச் சொன்னார் சார். பசங்க சோப்பு உறை, ரயில் டிக்கெட், மாத்திரை அட்டை என்று எடுத்து வந்தார்கள். அவன் நான்காக மடித்துப் பழுத்துப்போன ஒரு துண்டுத்தாளை வாரத்தாளிலேயே ஒட்டியிருந்தான். நான் வழக்கம்போல 'நன்று' போட்டேன்.

கோப்பை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் அதைப் பத்திரமாக மூடிக் கட்டில்மேல் வைத்தான். அப்புறம் திரும்பி என் காதோடு சேர்த்து ஒன்று விட்டான். ஜன்னல் கம்பியில் போய் மோதினேன். காதுக்குள் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி இருந்தது.

"இன்னாடா நன்று? படிச்சியா? எது நன்று, சொல்லு!"

அப்போதுதான் படித்தேன். அது பூச்சி மருந்து டப்பாவோடு வருகிற தாள். முதல் கேள்விக்கு, 'மருந்துத் தாள்.' இரண்டாவதற்கு, 'உள்ளே போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் இரண்டாவது வரி புரியவில்லை. அகராதி பார்த்தேன். வாந்தி எடுக்க வைக்காதே என்று அர்த்தம்.' மூன்றாவது, புரியாதபோது என்ன செய்தாய்? அதற்கு நேரே எழுதியிருந்தான்: 'நாங்கள் வாந்தி எடுக்க வைத்தோம்.'

"யாருக்குடா?" என்றேன்.

"அண்ணனுக்கு. ரெண்டு வருஷம் ஆவுது. மல்லாட்டைக் கொல்லையில கெடந்தான். நானும் எங்க நைனாவும் உப்புத் தண்ணியக் கரைச்சிக் கரைச்சி ஊத்தனோம். நான்தான் வாயத் தொறந்து புடிச்சிக்கினு இருந்தேன். இந்தக் காயிதம் டப்பா மேலயே சுத்தி இருந்துச்சி." தாளின் மடிப்பைத் தடவிவிட்டு, "பத்தாவதுல இங்கிலீஷ்ல நான் பாஸு" என்றான்.

நான் 'நன்று' என்பதை அடித்தேன். அதற்குக் கீழே கேள்வி எழுத வேண்டும். அவன் பேனாவைப் பிடுங்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வெகு நேரம் கழித்து, 'ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?' என்று எழுதினேன். அடுத்த வாரத் தாளில் பதில் இருந்தது: 'திண்டிவனம் ஒன்பது மைல். மாட்டு வண்டி கட்டினோம்.'

அதிலிருந்து நான் அவன் தாளை ஒரு வரி விடாமல் படித்தேன். பயம் ஒரு காரணம். ஆனால் கேள்வி கேட்கப் பழகினால் அது ஒரு பசி மாதிரி. என் கோப்பிலும் தப்பை வாங்கிப் போடுவதை விட்டேன். என் முதல் எழுத்தையும் நானே எழுதினேன். அவன் அதில் கேள்வி எழுதினான். எல்லாம் முரட்டுக் கேள்விகள். 'உனக்கே புரியாததை ஏன் எனக்கு எழுதுகிறாய்?' என்று ஒரு தடவை. டிசம்பருக்குள் எனக்கு ஒரு முழுப் பக்கம் இங்கிலீஷ் தலை சுற்றாமல் படிக்க வந்துவிட்டது. இதை நான் அவன்மேல் வைத்த அன்பினால் சொல்லவில்லை. நடந்தது அது.

பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம். வியாழக்கிழமை மத்தியானம். மூன்றாம் வருடத்துச் சீனியர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். முதல் வருடப் பசங்களைக் குட்டிக்கரணம் போட வைப்பது, துணி துவைக்க வைப்பது, இதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. கையில் மசால் வடை. எண்ணெய் சொட்டியது. அவனுடைய டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. கோப்பு மேலாகவே இருந்தது. அவர் குனிந்து டேக் கயிற்றை உருவி, கைக்கு வந்த ஒரு தாளை எடுத்து, அதில் வடையை வைத்து அழுத்தினார்.

அது மருந்துத் தாள் ஒட்டிய பக்கம்.

"இன்னாடா எழுதிக் கிழிக்கறீங்க வருசம் பூரா?" என்று எண்ணெயில் தெரிந்த வரியைப் படித்தார். "நாங்கள்... வாந்தி எடுக்க... வைத்தோம். யாருக்குடா, நம்ம மெஸ்ஸுல துன்னவனுக்கா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு மாதிரி ஒன்று வாயில் வந்தது. பயத்தில் வருமே, அது.

அவன் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். "அண்ணே, அத்தக் குடுங்க."

"இருடா, கை தொடைக்க வேற ஒண்ணு எடுத்துக்கினு இத்தக் குடுக்கறேன்." சீனியர் வலது கையைப் பெட்டிக்குள் விட்டார்.

மூடி இறங்கியது. தகரமும் இரும்புப் பட்டையும் போட்ட மூடி. மல்லாட்டை உடைகிற மாதிரி ஒரு சத்தம். சீனியர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவன் மூடியைத் தூக்கினான். கை அப்படியே பெட்டி விளிம்பில் கிடந்தது. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம். எனக்கு அந்த நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் அப்போது "வேணாம்டா" என்று சொல்லியிருக்க முடியும். மூடி மறுபடியும் இறங்கியது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தன் வேட்டியைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றியது அவன். சீனியரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு வரைக்கும் நடத்தியது அவன். விழுப்புரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஜன்னலோரம் ஒரு பெரியவர் வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"யோவ், கை ஒடஞ்சவன் நிக்கறான். ரத்தம் ஊத்துது. நீ பாக்காத மாதிரி குந்திக்கினு இருக்கியே."

"அடப் பாவமே. யாருப்பா ஒடச்சது?"

"நான்தான். ஏந்திரு."

பெரியவர் எழுந்துவிட்டார். பின்னால் இருந்தவரும் எழுந்துவிட்டார். கண்டக்டர் விக்கிரவாண்டி தாண்டும் வரை எங்களிடம் டிக்கெட் கேட்கவே வரவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, சீனியர் முந்திக்கொண்டு, "பெட்டி மூடி தானா வுழுந்துச்சி சார்" என்றார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "மூட்றா வாய" என்றார் சீனியர், பல்லைக் கடித்தபடி. டாக்டர் போன பிறகு சொன்னார்: "போலீஸு கீலீஸுன்னு ஆச்சுன்னா எங்கம்மாவ இட்டாந்து நிக்க வெப்பாங்க. அது நடவுல இருக்கு. நான் பண்ணதும் வெளிய வந்துரும், டி.சி.யக் குடுத்துருவாங்க. தானா வுழுந்துச்சி. அவ்ளோதான். வெளிய ஒருத்தனும் பேசக் கூடாது." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். அவருக்கும் வீட்டில் முதல் படிப்புதான். எழுதுகிற கை. இரண்டு விரல் திரும்ப மடங்கவே இல்லை.

சீனியர் சொன்னதை அவன் காப்பாற்றினான். யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை. ஆனால் அந்த வாரத் தாள் வந்தது. இந்த வாரம் படிக்கத் தடையாக இருந்தது எது? 'வியாழன், வெள்ளி படிக்கவில்லை. சீனியர் என் அண்ணன் தாளில் வடை வைத்தார். அவர் கைமேல் பெட்டி மூடியைப் போட்டேன். இரண்டு முறை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம்.'

தாளை என்னிடம் நீட்டினான். நான் கேள்வி எழுத வேண்டும். நான்கு நாளாக நாக்கில் இருந்தும் அவனிடம் கேட்கத் தைரியம் வராத ஒன்று எனக்குள் இருந்தது. எழுதுவது சுலபமாக இருந்தது. 'இரண்டாவது முறை ஏன் போட்டாய்?' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த வாரம் பதில்: 'முதல் முறை கோபத்தில். இரண்டாவது முறை யோசித்து.'

சார் அதைப் படித்தார். படித்தார் என்று எனக்குத் தெரியும், என் கேள்விக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பில் ஒரு டிக் இருந்தது. அவர் யாரிடமும் போகவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் அவன் பக்கம் பார்த்துப் பேசும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

மார்ச்சில், பிரின்சிபால் கோப்புகளை நேரில் பார்வையிடப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. அவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. நாற்பது கோப்பும் மேஜையில் அடுக்கப்படும். அறிவிப்பு வந்த சாயங்காலம், ஹாஸ்டல் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டே பக்கம்தான்டா. எடுத்துட்டு பக்க நம்பர மாத்திப் போட்டுக்கலாம். நானே ரெண்டு வாரத்துக்குப் புதுசா எழுதித் தர்றேன். பிரின்சிபால் கண்ணுல பட்டா உன்ன வெளிய அனுப்பிருவாங்க. எந்தக் காலேஜுலயும் சேத்துக்க மாட்டாங்க. உங்க நைனாவுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு ஒண்ணுமில்ல. தாண்டிப் போயிரலாம்."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. பிடரியைப் பிடித்துத் தொட்டிக்குள் என் தலையை அழுத்தினான். பாசி வாடை. விளிம்பில் என் பல் இடித்தது. தண்ணீர் மூக்கில் ஏறி நெற்றி வெடிப்பது போல் ஆனது. கையை உதறினேன், எதுவும் அகப்படவில்லை. என்னைக் கொல்லப் போகிறான் என்று உண்மையாகவே நினைத்தேன். தூக்கினான். நான் வாந்தி எடுத்தேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டு, முகம் வெளுத்து, இரண்டடி பின்னால் போனான். அப்புறம் தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினான், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி, காது மடல் வரைக்கும்.

பெட்டிச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். நான் அதைத் தொடவில்லை. நேர்மையினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயந்தேன்.

பார்வையிடும் நாளில் சார் அவனுடைய கோப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். அதைவிடத் தடிமனான, அதைவிட நிஜமான கோப்பு அந்த மேஜையில் இல்லை. ஒருவேளை அதைக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. பிரின்சிபால் புரட்டினார். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில் நின்றார். "என்னய்யா இது, பஜ்ஜிக் கடையா?" என்றார். கறைக்குக் காரணம் தேடித்தானோ என்னவோ, பின்னால் வந்த வாரங்களைத் திருப்பினார். திருப்பித் திருப்பி அந்த இரண்டு தாளையே படித்தார்.

ஒரு மணி நேரத்தில் நாங்கள் அவர் அறையில் நின்றோம். அவன், நான், சார், கையில் கட்டோடு சீனியர். மூலையில் டைப்ரைட்டரோடு கிளார்க்.

"உன் கைமேல பெட்டி மூடி தானா விழுந்துச்சுன்னு ஹாஸ்டல் ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றார் பிரின்சிபால் சீனியரிடம். சீனியர் தலையை ஆட்டினார். "இதுல வேற மாதிரி இருக்கு." என்னைப் பார்த்தார். "இந்தக் கேள்வி கேட்டது நீ. கையெழுத்து உன்னுது. நீ அங்க இருந்தியா? பாத்தியா?"

எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று அந்த அறையில் தெளிவாகத் தெரிந்தது. பிரின்சிபாலுக்குப் போலீஸ் வராமல் இருக்க வேண்டும். சீனியருக்கு அவர் சொன்னது நிற்க வேண்டும். சாருக்கு அவர் வாக்கு நிற்க வேண்டும். நான் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் அவன் நாளைக் காலையில் வராந்தாவில் உட்கார்ந்து படிப்பான். எனக்கும் ஒன்றும் ஆகாது. எங்கள் அம்மா வாரா வாரம் கேப்பை மாவு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க ஐயா" என்றேன். "நான் பாக்கல. அது... கதை மாதிரி எழுதறதுங்க. இங்கிலீஷ் நல்லா வர்றதுக்குப் பயிற்சி. அவன் கற்பனையா எழுதுவான், நான் கற்பனையா கேள்வி கேப்பேன்."

சார் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்தார். "அப்படிச் சொல்லு. கற்பனை. அப்போ உன் அண்ணன், மருந்து, இதெல்லாமும் கற்பனை?" என்று அவனைக் கேட்டார்.

அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"கற்பனையாடா?"

நான் மேஜையைப் பார்த்தேன். அடி முஷ்டியோடு வந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது தரையில் உருண்டு போன ஒரு பல்லும், கிளார்க் "ஐயோ, ஐயோ" என்றதும்தான். கீழே விழுந்த என்மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு போட்டான் என்று அப்புறம் சொன்னார்கள். சார் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்கிறார், அவர் கண்ணாடி உடைந்திருக்கிறது. நான் சுவரைப் பிடித்து எழுந்தபோது சீனியர் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவைங்க ஐயா. அவன் எழுதனது நெஜம். நான்தான் மொதல்ல அந்தக் காயிதத்த எடுத்தேன். அது இன்னாதுன்னு எனக்குத் தெரியாது. படிச்சேன், தெரியல."

பிரின்சிபால் எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே அவனை நீக்குகிற உத்தரவைக் கிளார்க்குக்கு இங்கிலீஷில் சொன்னார். அறையில் டைப்ரைட்டர் சத்தம் மட்டும். தாள் உருவப்பட்டு மேஜையில் வைக்கப்பட்டது. "கையெழுத்துப் போட்டுட்டுப் போ. போலீஸுக்குச் சொல்லாம விடறேன், அதுவே பெருசு."

அவன் கையில் என் ரத்தம் இருந்தது. அதைச் சட்டையில் நன்றாகத் துடைத்தான்.

"படிச்சிட்டுப் போடறேன் ஐயா" என்றான்.

தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கல்லூரியின் பெயரிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். அவன் பெயர் வந்தது. அப்பா பெயர் வந்தது. வகுப்பறை, விடுதி, வன்முறை, ஒழுங்கு என்று வரிகள் வந்தன. விரல் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நின்று நகர்ந்தது. பிரின்சிபால் ஒருமுறை "சீக்கிரம்" என்றார். அவன் காதில் விழவில்லை. கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது.

"சார்" என்றான், இங்கிலீஷ் சாரைப் பார்த்து. "'ஃபோர்த்வித்'னா இன்னா சார்?"

உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சார் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"உடனே" என்றார். "இந்த நிமிஷமே."

கிளார்க்கின் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்கு மேலே பொடியாக எழுதினான். பிறகு மிச்சத்தையும் தேதி வரைக்கும் படித்தான். நாங்கள் ஐந்து பேரும் அதுவரை நின்றுகொண்டே இருந்தோம். படித்து முடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.